காக்கை இல்லாத ஊர்

கயேனுக்கு வந்ததிலிருந்து ரஞ்சிதத்துக்கு விடியற்காலையில் ஏதோ ஒன்று குறைந்தது. கண் விழித்ததும் காது எதையோ தேடும். மழைச் சத்தம் இருந்தது. கீழே யாரோ கார் கிளப்பும் சத்தம் இருந்தது. பேர் தெரியாத பறவைகள் விசில் அடித்தன. ஆனாலும் விடிந்த மாதிரியே இல்லை. ஊர் புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று புரண்டு படுத்துக்கொள்வாள்.

ஆடி அமாவாசை அன்றுதான் அது என்னவென்று புரிந்தது. காக்கை கத்தவில்லை.

சோறு வடித்து, அம்மா கட்டிக்கொடுத்த துவரம்பருப்பை வேகவைத்துப் போட்டுப் பிசைந்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சிமெண்டுப் பலகையில் ஒரு பிடி வைத்தாள். "கா, கா" என்று கூப்பிட்டாள். முதலில் வாய்க்குள்ளேயே. பிறகு கொஞ்சம் சத்தமாக. தெருவில் குடை பிடித்துப் போன ஒரு கறுப்புப் பெண் அண்ணாந்து பார்த்தாள். ரஞ்சிதத்துக்குக் கூச்சமாகிவிட்டது. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுபடி எட்டிப் பார்த்தபோது சோற்றில் எறும்பு ஏறியிருந்தது.

அவளுக்குப் பசித்தது. ஆனால் காக்கை எடுக்காமல் சாப்பிடக் கூடாது.

பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுப் போனான். இந்த இடத்தை விடவில்லை. தென் அமெரிக்காவின் மேல் ஓரத்தில், காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது கயேன். ரஞ்சிதத்தின் கணவன் தட்சிணாமூர்த்தி இங்கே பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தான். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். சொல்தா மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டில் பாதிப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். மீதிப் பேச்சையும் முடித்துவைத்தது அப்பாவின் சாவு. மில்லில் தறி ஓட்டிய கண்ணையன் புரட்டாசியில் போனார். வீட்டில் சாவு விழுந்தால் வருஷத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். தையில் கல்யாணம் நடந்தது. இருபது நாள் விடுப்பு தீர்ந்து மாப்பிள்ளை விமானம் ஏறினான். ஆனியில் இவளுக்கும் அங்கே போகக் காகிதம் வந்தது.

சென்னை, பம்பாய், பாரிஸ், கயேன். லாஸ்பேட்டையில் இருந்த கல்லூரிக்குக்கூட நான்கு தோழிகளோடு போய் வந்தவள் இத்தனையையும் தனியாகத் தாண்டினாள். ஒவ்வொரு விமான நிலையத்திலும் கழிவறைக்குப் போனால் விமானம் போய்விடுமோ என்று அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது முதலியார்பேட்டை வீட்டு வாசலில் அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஆடி அமாவாசைக்கு ஒரு பிடி சோறு வெச்சிட்டுச் சாப்பிடு. அவரு போனப்புறம் வர்ற மொத ஆடி."

"நீ வெப்ப இல்ல?"

"நானும் வெப்பேன். ஆனா அவரு உன்னத் தேடிக்கினுதான்டி வருவாரு. அந்த மனுசனுக்குப் பசி தாங்காது, தெரியுமில்ல?"

தெரியும். ரஞ்சிதம் விலங்கியலில் பட்டம் வாங்கியவள். செத்தவர்கள் காக்கையாக வருவதில்லை என்பதும் தெரியும். இரண்டும் ஒரே மண்டைக்குள் சண்டை போடாமல் இருந்தன. பசி நேரத்தில் அப்பா தட்டைத் தட்டி, "ஏ கழுத, சோறு இன்னாச்சி?" என்று கேட்பது மட்டும் இப்போது காதில் விழுந்தது.

ஜன்னலில் வேலை நடக்காது என்று தெரிந்துவிட்டது. வெளியே போய்த் தேட வேண்டும். அங்கேதான் கதவு குறுக்கே வந்தது.

அது புதுச்சேரியில் இல்லாத மாதிரிக் கதவு. தாழ்ப்பாள் கிடையாது. இழுத்து விட்டால் 'கிளிக்' என்று தானே பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து குமிழைத் திருப்பினால் திறக்கும். வெளியிலிருந்து சாவி வேண்டும். இருந்தது ஒரே சாவி. அதைத் தட்சிணாமூர்த்தி தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போயிருந்தான்.

வந்த மறுநாளே அவனுக்கு ஆற்றோரக் காட்டில் காவல் வேலை போட்டுவிட்டார்கள். வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பச்சைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று சொன்னான்:

"சாமான் எல்லாம் வாங்கி வெச்சிட்டேன். பால், முட்டை, அரிசி. எதுக்கும் வெளிய போவத் தேவையில்ல."

"சாவிய வெச்சிட்டுப் போங்களேன்."

"நான் ராத்திரில திரும்பி வந்தா? நீ தூங்கினா எழுந்துக்கவே மாட்டன்னு உங்கம்மாவே சொன்னாங்க." அவன் சிரித்தான். "தா பாரு, நான் உன்ன வெச்சிப் பூட்டல. கதவு உனக்குத் தொறந்துதான் இருக்கு. எப்ப வேணா வெளிய போவலாம்."

உள்ளே வரத்தான் முடியாது என்பதை அவன் சொல்லவில்லை. அவன் போன பிறகு ரஞ்சிதம் குமிழைத் திருப்பித் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அவன் சொன்னது உண்மைதான். பூட்டவில்லை. பூட்டியிருந்தால் அவன் மேல் கோபமாவது பட்டிருக்கலாம்.

அமாவாசை வரைக்கும் அந்த இரண்டு அறையில் அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மரப்பலகைச் சட்டம் போட்ட ஜன்னல். அதன் இடுக்கு வழியே கோடு கோடாகத் தெரு தெரிந்தது. தகரக் கூரைகள். மூலையில் ஒரு சீனாக்காரர் கடை. சுவரில் நீல எனாமல் தகட்டில் வெள்ளை எழுத்தில் தெருப்பெயர். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் எல்லாத் தெருவிலும் இதே தகடு, இதே நீலம். இத்தனை தூரம் வந்தும் யாரோ முன்கூட்டியே வந்து அதே பலகையை அடித்துவைத்த மாதிரி இருந்தது.

இப்போது பசியோடு அறைக்குள் சுற்றியபோது கட்டிலடியில் தட்சிணாமூர்த்தியின் பழைய பூட்ஸ் கண்ணில் பட்டது. ஒன்றை எடுத்தாள். கதவைத் திறந்து, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் வைத்தாள். இழுத்துப் பார்த்தாள். பூட்ஸ் அசையவில்லை. கதவு மூடவில்லை.

எவர்சில்வர் டப்பாவில் சோற்றை எடுத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். படி இறங்கினாள்.

காக்கை எங்கே இருக்கும்? மீன் இருக்கும் இடத்தில் இருக்கும். புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் மீன்காரிகள் ஒரு கையால் அரிவார்கள், மறு கையால் காக்கையை விரட்டுவார்கள். மீன் எங்கே இருக்கும்? கடல் பக்கம். கடல் எங்கே? கிழக்கே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புதுச்சேரியில் நேர்த்தெரு எதில் இறங்கினாலும் சூரியனைப் பார்த்து நடந்தால் கடைசியில் கடல்தான்.

ரஞ்சிதம் சூரியனைப் பார்த்து நடந்தாள். கடல் வரவில்லை. பனைமரம் போல, ஆனால் அதைவிட உயரமாக மரங்கள் நின்ற ஒரு திடல் வந்தது. பள்ளிக்கூடம் வந்தது. தெரு நேராகத்தான் போனது. வீடுகள் குறைந்தன, புல் கூடியது, கடைசியில் ஒரு குன்று எதிரே வந்து நின்றது. அவள் குன்றைப் பார்த்தாள். குன்றை அவள் எதிர்பார்க்கவே இல்லை. இந்த ஊருக்குக் கடல் கிழக்கே இல்லை போலும். பிறந்ததிலிருந்து திசை என்று நம்பியது, ஒரு ஊர்ப் பழக்கம்தானா?

வந்த வழியே திரும்பினாள். ஆண்கள் பார்த்தார்கள். ஒருவன் என்னவோ கேட்டான். மாலை வகுப்பில் கற்ற பிரெஞ்சு அவசரத்துக்கு வாயில் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்தாள். மழை பிடித்தது. சீனாக்காரர் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினாள். மழை விட்டதும் காற்று திரும்பியது. அதில் ஒரு நாற்றம் வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது வாய்க்கால் நாற்றம். புதுச்சேரியை வெள்ளைக்காரத் தெருவென்றும் தமிழ்த் தெருவென்றும் பிரித்துக்கொண்டு ஓடும் அந்தப் பெரிய வாய்க்காலின் சேறும் சாக்கடையும் கலந்த அதே நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டிய சனியன். இங்கே அவள் மூக்கை நீட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போனாள். இரண்டு தெரு தாண்டினாள். நிஜமாகவே ஒரு வாய்க்கால் இருந்தது. கரையோரம் படகுகள் கட்டியிருந்தன. பக்கத்தில் மீன் மார்க்கெட்.

அதன் தகரக் கூரை மேல் கறுப்பாக, வரிசையாக, காக்கைகள்.

"வந்துட்டியா" என்று வாய்விட்டே சொன்னாள். அப்பாவிடம் சொன்னாளா, காக்கையிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போனாள். கிட்டே போகப் போக அவை பெரிதாகின. ஒன்று இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்தது. இவ்வளவு பெரிய இறக்கையா? இன்னொன்று தொப்பென்று தரையில் குதித்து, மீன் குடலை நோக்கித் தத்தித் தத்தி நடந்தது. கோழியைவிடப் பெரிசு. கழுத்திலும் தலையிலும் இறகே இல்லை. சுருக்கம் விழுந்த சாம்பல் நிறத் தோல்.

பிணந்தின்னிக் கழுகு.

அப்போதுதான், மிக மெதுவாக, இரண்டாம் வருஷப் பாடம் ஞாபகம் வந்தது. உலகத்தில் பறவைகள் பரவியிருக்கும் விதம். காக்கை இனம் எங்கெங்கே உண்டு என்று ஒரு கேள்வி. 'தென் அமெரிக்கா நீங்கலாக' என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள். பேராசிரியர் மற்றவர்களுக்கு அதை வாசித்துக்கூடக் காட்டினார். அந்த வரியை அவள் மனப்பாடம் பண்ணினாளே தவிர, அங்கே போய் யாராவது அமாவாசை கும்பிட வேண்டியிருக்கும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை.

டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இந்தக் கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தாலும் ஒரு காக்கை கிடையாது. அப்பா கடல் தாண்டி வந்திருந்தால், எதன் உடம்பில் வந்து உட்காருவார்?

குடலைத் தின்றுகொண்டிருந்த கழுகு தலையைச் சாய்த்து அவளை ஒரு கண்ணால் பார்த்தது.

இதற்கா? அம்மாவுக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் மணி என்ன ஆகிறதோ, அவருக்குப் பசிக்கும். ரஞ்சிதம் ஈரத் தரையில் குந்தி, டப்பாவைத் திறந்து, ஒரு பிடி சோற்றை எடுத்து வைத்தாள். கழுகு வந்தது. மோந்து பார்த்த மாதிரி தலையைத் தாழ்த்தியது. பருப்புச் சோற்றைத் தொடாமல் ஒரு எட்டு பின்னால் போய் நின்றது.

"சாப்புடுப்பா" என்றாள்.

பின்னால் பெரிய சிரிப்பு. தலையில் கட்டம் போட்ட துணி கட்டிய பருத்த மீன்காரி, கத்தி பிடித்த கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றைக் காட்டி, கழுகைக் காட்டி, தன் நெற்றியோரத்தை விரலால் தட்டிக் காட்டினாள். உனக்குப் பைத்தியமா என்பதற்குப் பாஷை வேண்டியதில்லை. ரஞ்சிதம் அழுதாள். மீன்காரியின் சிரிப்பு நின்றது. பிறகு கூடையிலிருந்து ஒரு மீன் தலையை எடுத்துச் சரியாகச் சோற்றின் மேல் வீசினாள்.

ரஞ்சிதம் பதறினாள். அமாவாசை! கவுச்சி! கையை நீட்டுவதற்குள் கழுகு பாய்ந்துவிட்டது. மீன் தலையை மிதித்துக்கொண்டு கொத்தியது. கொத்தும்போது சோறும் சேர்ந்து போனது. தலை முடிந்ததும் தரையில் ஒட்டியிருந்த பருக்கைகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கியது.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. அமாவாசை தோறும் அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்து புலம்புவது ஞாபகம் வந்தது. "எங்கப்பனுக்குப் படைக்கிறீங்க சரி, நான் இன்னாடி பாவம் பண்ணேன்? ஒரு மீன் தலை கூடவா இல்ல?" மீன் தலை என்றால் அவருக்கு உயிர். செவுள் வரைக்கும் உறிஞ்சிவிட்டு, எலும்பை வரிசையாக அடுக்கிவைப்பார்.

டப்பாவில் மிச்சமிருந்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். மீன்காரி ஒரு பலகையைக் காலால் தள்ளி, உட்காரு என்று காட்டினாள்.

திரும்பும்போது வழி தவறவில்லை. வாய்க்கால், சீனாக்காரர் கடை, நீலத் தகடு. படி ஏறினாள்.

கதவு மூடியிருந்தது. யாரோ நல்ல மனுஷர், திறந்து கிடக்கிறதே என்று பூட்ஸை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். எடுத்த பூட்ஸைத் தூசி தட்டி, கால்மிதியின் மேல் ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள்.

ரஞ்சிதம் தள்ளிப் பார்த்தாள். தோளால் இடித்துப் பார்த்தாள். எதிர் வீட்டைத் தட்டினாள், யாரும் இல்லை. கடைசியில் பூட்ஸின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்தபோது எது சுவராக இருந்ததோ அது இப்போதும் சுவர்தான். அவள்தான் பக்கம் மாறியிருந்தாள்.

இருட்டுவதற்குள் போக இந்த ஊரில் ஒரே வீடு இருந்தது. இன்னொரு சொல்தாவின் மனைவி அஞ்சலாட்சி. முத்தியால்பேட்டைக்காரி. வந்திறங்கிய அன்று ராத்திரி அவள் வீட்டில்தான் சாப்பாடு. வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மஞ்சள் வீடு என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. இரண்டு முறை கேட்டு, மூன்று தெரு சுற்றி, ரஞ்சிதம் அதைக் கண்டுபிடித்தாள்.

அஞ்சலாட்சி கதவிடுக்கில் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

"அய்யே! தனியாவா வந்த? நடந்தா?"

"கதவு சாத்திக்கிச்சிக்கா."

"நீ எதுக்கு வெளிய போன?"

சொன்னாள். கழுகையும் மீன் தலையையும் விடாமல் சொன்னாள். அஞ்சலாட்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காக்கா புடிக்கவாடி கயேனுக்கு வந்த? ஊர்ல காக்காய்க்கா பஞ்சம்?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த மார்க்கெட்டு... எந்தப் பக்கம் இருக்குது?"

ரஞ்சிதம் அவளைப் பார்த்தாள். "அக்கா, பாலத்துலருந்து பாத்தா தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?"

"நான் எங்க போனேன்? வந்து நாலு வருஷம் ஆவுது. சனிக்கிழமயானா அவரு கார்ல எல்லாத்தையும் வாங்கியாந்து போட்டுடுவாரு." அஞ்சலாட்சி குழம்பைக் கிண்டினாள். "இந்த ஊட்டுல ஒரு குறையும் இல்ல" என்றாள், யாரோ குறை சொன்ன மாதிரி.

தட்சிணாமூர்த்தி வரும்வரை ரஞ்சிதம் அங்கேயே இருந்தாள். அவன் வரப்போகிற அன்று அஞ்சலாட்சி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். "எனக்கு ஒடம்பு முடியலன்னு நான்தான் ஆள் அனுப்பி உன்னக் கூட்டியாந்தேன். அப்டியே சொல்லிடு. மார்க்கெட்டு, கழுகு ஒண்ணும் வாயத் தொறக்காத. ஆம்பளைங்களுக்குத் தெரிஞ்சா அடுத்த தடவ வெளியிலருந்து பூட்டிட்டுப் போவாங்க."

அந்தப் பொய்யைச் சொன்னால் எல்லாம் பழையபடி இருக்கும். பழையபடி இருக்கும் என்பதுதான் ரஞ்சிதத்துக்குப் பயமாக இருந்தது.

அவன் தாடியும் சேறுமாக வந்து நின்றான். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான், முகம் வெளுத்திருந்தது.

"எங்க போன?"

அஞ்சலாட்சி வாயைத் திறப்பதற்குள் ரஞ்சிதம் சொன்னாள். "அப்பாவுக்குச் சோறு வெக்கப் போனேன். மீன் மார்க்கெட்டுக்கு."

"ஜன்னல்ல வெச்சா ஆவாதா?"

"காக்கா வரல."

"இங்க ஏது காக்கா?" என்றான் எரிச்சலோடு.

ரஞ்சிதம் நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

அவன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான். "வந்த புதுசுல நானும் வெச்சேன். எங்கம்மாவுக்கு. ரெண்டு மூணு அமாவாச பாத்தேன். ஒண்ணும் வரல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. சாப்புட்டேன்."

அஞ்சலாட்சி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் தட்சிணாமூர்த்தி இன்னொரு சாவி செய்துகொண்டு வந்தான். மேஜை மேல் அதைப் பார்த்ததும் ரஞ்சிதம் கையை நீட்டினாள். அவன் அதை எடுத்து மறுபடி பையில் போட்டான்.

"இத அஞ்சலாட்சி அக்கா ஊட்டுல மாட்டி வெச்சிடறேன். கதவு சாத்திக்கிட்டா அங்க போய் எடுத்துக்க. தொலைஞ்சி போவாது, பாரு."

அவன் நல்லது செய்ததாகத்தான் நினைத்தான். அவளும் தலையாட்டினாள். சாவி இருக்கும் இடம் வரைக்கும் அவள் போகலாம். அதைக் கொடுக்க ஒருத்தி வேண்டும். ஏன், எங்கே என்று கேட்பாள். சனிக்கிழமை வந்தால் அது அவள் புருஷன் காதுக்குப் போகும். அங்கிருந்து இவன் காதுக்கு வரும்.

ஆவணி அமாவாசைக்கு அவன் மறுபடி காட்டில் இருந்தான். ரஞ்சிதம் சோறு வடித்து டப்பாவில் எடுத்துக்கொண்டாள். பூட்ஸ் கட்டிலடியில் இருந்தது. குனிந்து அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை. ஏன், எங்கே என்று அஞ்சலாட்சி கேட்டால் கேட்கட்டும்.

படிக்கட்டில் நின்று, கதவின் கைப்பிடியைப் பிடித்து, தானே இழுத்துச் சாத்தினாள். 'கிளிக்' என்றது. சும்மா ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். பிறகு வாய்க்கால் இருக்கும் பக்கம் நடந்தாள்.